பாசிக்கும் சுறாவுக்கும் என்ன வயது?



இந்த இதழில் இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று, திபெத்தின் உயர்ந்த பாறைகளில் ஒட்டி வளரும் டகாகியா என்ற அரிய பாசியைப் பற்றியது. மற்றது, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் உலவும் கிரீன்லாந்து சுறாவைப் பற்றியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

சுறாவுக்கு வயது பார்ப்பது பெரும்பாடு. மற்ற மீன்களின் செதிலிலும் காதுக் கல்லிலும் ஆண்டுக் கோடுகள் பதிந்திருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஆய்வாளர் ஜூலியஸ் நீல்சன் குழுவினர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். விழிலென்சின் நடுப்பகுதி தாய் வயிற்றிலேயே உருவாகி, சாகும்வரை அப்படியே இருக்கும். 28 பெண் சுறாக்களின் லென்சில் கார்பன்-14 அளவைப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து மீட்டர் நீளமிருந்த பெரிய சுறாவுக்கு வயது சுமார் 392; முன்பின் 120 ஆண்டுகள் இருக்கலாம். குறைத்தே வைத்தாலும் 272! பருவமடையவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகிறதாம். இத்தனை சேதி சொன்ன அந்தக் கண்ணில், பல சுறாக்களுக்கு, ஒட்டுண்ணி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் கட்டுரையில் படிப்பீர்கள்.

டகாகியாவின் கதை வேறு. ஒற்றைச் செடி விரல் நகத்தளவுதான். ஆனால் அதன் வம்சம் 39 கோடி ஆண்டுப் பழையது. நெடுங்காலம் அது பாசிதானா என்பதிலேயே தாவரவியலாளர்களுக்குச் சந்தேகம். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் அதன் வித்துப் பைகள் கிடைத்த பிறகே வழக்கு தீர்ந்தது. இமயம் எழும்பியபோது இதுவும் பாறையோடு மேலே போய்விட்டது. ஆண்டில் எட்டு மாதம் பனிக்கடியில், மிச்ச நாளெல்லாம் சுட்டெரிக்கும் புறஊதாக் கதிரில். 2023-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது என்னை அசரவைத்தது: உருவம் ஆதிகாலத்ததாக இருந்தாலும், இதன் மரபணுக்களில் மிகப் பல வேகமாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பழசு என்றால் மாறாதது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சிறு செடி போதும்.

எனக்கு இந்தப் பாசியின் பக்கம்தான் சாய்வு. ஆனால் மரபணுக்கள் மாறும் அந்த வேகமும் இப்போது பத்தவில்லை. திபெத்தில் ஆய்வு நடந்த பத்தாண்டில் அது ஆண்டுக்குச் சுமார் 1.6 சதவீதம் குறைந்துகொண்டே வந்தது; காரணம் வெப்பம். சுறாவுக்கும் ஆபத்துதான்; காரணம் மட்டும் வேறு. ஈரல் எண்ணெய்க்காக அதைக் கொன்று குவித்த காலம் போய்விட்டது. ஆனால் வேறு மீனுக்கு விரித்த வலையில் இன்றும் சிக்குகிறது. 150 வயதில் தாயாகும் உயிர், இழந்ததை எப்போது ஈடுகட்டும்?

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாசியின் படம் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிந்தால் அச்சகத்தைக் கோபிக்காதீர்கள். நேரிலும் அப்படித்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்