நூறு என்பது மதிப்பெண் அன்று

2019-ஆம் ஆண்டு, புதுச்சேரி நகரின் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிமோனியாவுடன் படுத்திருந்த நெருங்கிய உறவினரைப் பார்க்க ஐந்து நிமிடம் அனுமதி கிடைத்தது. முகத்தில் ஆக்சிஜன் கவசம். தலைமாட்டுத் திரையில் 100 என்ற எண். நமக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்நேரம் வந்த செவிலியர் திரையைப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் திருகைச் சற்றே குறைத்தார். எண் மெல்ல இறங்கி 95-இல் நின்றது. “நன்றாக இருப்பவருக்கு ஏனம்மா குறைக்கிறீர்கள்?” என்று குரலை உயர்த்தினோம். அவர் ஏதோ விளக்க முற்பட்டார், நாம் செவிகொடுக்கவில்லை. முடிவில் திருகு பழைய இடத்திற்கே திரும்பிற்று. ஏதோ சாதித்துவிட்டவர்போல வெளியே வந்தோம்.

அந்தச் செவிலியர் செய்ததே சரி. நாம் செய்தது தவறு. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

நம் தவற்றுக்குப் பாதிக் காரணம் சொல். இலவாசியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் இவ்வளிக்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டபோது, அமிலத்தைப் பிறப்பிப்பது என்றே பொருள் கொண்டார். நாமோ பிராணவாயு என்றோம், உயிர்வளி என்றோம். உயிரே பெயராக அமைந்துவிட்ட ஒன்றைக் குறைக்க எவர் ஒப்புவார்? மற்றப் பாதிக் காரணம் அந்த எண். நூற்றுக்கு நூறு என்றால் முதல் மாணவன் என்று பழகிய சமூகம் நம்முடையது.

ஆனால் அந்த எண் மதிப்பெண் அன்று. இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதே அது. 90-ஐத் தாண்டியதும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஆக்சிஜனைச் செலுத்தினாலும் கூடுதலாகச் சுமப்பது சொற்பமே. இன்னொன்று: 100-ஐத் தொட்ட பிறகு கருவி ஊமையாகிவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இயல்பாக இருந்தாலும் 100 என்றே காட்டும். இயல்பைப்போல் மும்மடங்கு இருந்தாலும் 100 என்றே காட்டும்.

மிகுதி தீங்கு என்பது புதிய செய்தியன்று. இவ்வளியைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரீஸ்ட்லி, இதில் மெழுகுவர்த்தி விரைந்து எரிந்து தீர்வதைக் கண்டு, மனித உயிரும் அவ்வாறே தீர்ந்துவிடுமோ என 1775-இலேயே ஐயுற்றார். அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் நஞ்சாவதை பால் பெர் 1878-இல் நிறுவினார். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை வாரி வழங்கியதால் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. அஞ்சிய மருத்துவ உலகம் பின்னர் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தது. இம்முறை குழந்தைகள் இறந்தன.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதையும் இவ்வாறே இருபுறமும் ஊசலாடியது. 2016-இல் வெளியான இத்தாலிய ஆய்வு, 94 முதல் 98 வரை நிறுத்தியபோது இறப்பு குறைந்தது என்றது. 2020-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மிகக் குறைத்துக் கொடுக்கப்பட்டவருள் ஐவருக்குக் குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டது. ஆய்வு 205 நோயாளிகளோடு நிறுத்தப்பட்டது. 2025-இல் பிரிட்டனில் சுமார் 16,500 பேரிடம் நிகழ்ந்த பேராய்வு, 90 என்ற இலக்குக்கும் வழக்கமான முறைக்கும் இறப்பில் வேறுபாடு காணவில்லை. ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை எண் இன்னும் அகப்படவில்லை. ஆனால் 100-ஐத் துரத்துவதால் நன்மை உண்டு என்று இவற்றுள் எதுவும் சொல்லவில்லை.

அப்படியானால் 90 போதுமே என்பார்க்கும் ஒரு சொல். விரலில் மாட்டும் கருவி தோலின் நிறத்தால் ஏமாறக்கூடியது. உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மும்மடங்கு என 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருநிறத்தோர் மிகுந்த நம் நாட்டில் விளிம்பில் நிற்பது அறிவுடைமை ஆகாது. 2021-இல் கொரோனா நோயாளிகளுக்கு இந்திய அரசின் நெறிமுறை 92 முதல் 96 வரை என்றும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையவர்க்கு 88 முதல் 92 வரை என்றும் வகுத்தது பொருத்தமே.

அந்த 2021-ஐ மறக்க இயலுமா? மூடிக்கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜனுக்காகத் திறக்க ஏப்ரல் இறுதியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த காலம் அது. உருளை தேடி ஊரே அலைந்தது. அந்நாள்களில்தான் நம் பழைய ‘வெற்றி’ நம்மைக் குத்தத் தொடங்கியது. ஒரு படுக்கையில் 96 போதுமான இடத்தில் 100 கேட்டு வாங்கினால், அது இன்னொரு படுக்கையின் மூச்சு.

ஆகவே நாம் கேட்பது சிறிய ஒன்று. ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் அந்நோயாளிக்குரிய இலக்கைத் தமிழில் எழுதி வையுங்கள்: ‘இவருக்கு 92 முதல் 96 வரை. அதற்கு மேல் தேவையில்லை.’ பிரிட்டனில் 2008 முதலே ஆக்சிஜனை இலக்கு வரம்போடு மருந்துச்சீட்டில் எழுதும் நெறிமுறை உண்டு. 1823-இல் பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. ஜிப்மர் அதன் வழிவந்தது. இருநூறு ஆண்டுகள் மருத்துவம் கற்பித்த ஊரில் ஒரு வரித் தமிழ் கடினமா? அந்த ஒரு வரி இருந்திருந்தால், அன்று நாம் அந்தச் செவிலியரிடம் குரல் உயர்த்தியிருக்க மாட்டோம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோய்க்குக் காரணங்களை எண்ணத் தொடங்கும்போதே வளியை முதலில் வைத்து, மிகுதியும் குறைவும் ஒருங்கே தீங்கு என்கிறது. வகுப்பறையில் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வந்த குறள்தான். கட்டிலருகே நின்றபோது அது நமக்கு நினைவுக்கு வரவில்லை.