நடைச்சீட்டு யார் கையில்?

2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடுபவர்களுக்கு ஒரே பல்லவிதான்: தொழிலாளிக்கு அதிகாரம் வந்துவிட்டதாம். 20 பேர் வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு, 100 பேர் இருந்தால் பணிக்குழு. பணிக்குழுவும் அரசு உத்தரவிட்டால்தான். பணிக்குழு 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த பழைய சரக்கு; குறைதீர் குழுவும் அதில் பின்னர் சேர்க்கப்பட்டதுதான். 78 ஆண்டுகளாக வராத அதிகாரம் இப்போது எந்த வழியாக வருமோ!

என் அளவுகோல் வேறு, கணக்கு யார் கையில் என்பது; நண்பர்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்தது. சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வருகிறவர்கள் அன்னவாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் குடுமியான்மலை; அந்தப் பக்கத்துக் கல்குவாரிகளில் பிறந்தது இந்த அளவுகோல். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டக் கல்குவாரிகள் பலவும் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்துக் கற்று, சைக்கிளும் பழகிய பெண்கள். குவாரியில் லாரி கிளம்புமுன் நடைச்சீட்டு எழுத வேண்டும்: எந்த வண்டி, எவ்வளவு ஜல்லி, எந்த ஊருக்கு. கூலிக்கு உடைக்கும்வரை அந்தக் கணக்கு ஒப்பந்தக்காரர் பையில். குத்தகை கைக்கு வந்தால் கணக்கும் கைக்கு வரும். எத்தனை லோடு போனது என்று தெரியாதவர் கூலி பேசி என்ன பயன்?

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்தது நேர்மாறு. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 7இல், சங்கத்தை ஒதுக்கிவிட்டு ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது நிர்வாகம். சங்கத்தின் பதிவோ 2025 ஜனவரி வரை இழுத்தடிக்கப்பட்டது. ‘எங்களிடம் குழு இருக்கிறதே’ என்னும் மனிதவளத் துறை வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

சங்கங்கள் மட்டும் என்ன செய்துவிட்டன? 2025 நவம்பர் 26இல் ஆர்ப்பாட்டம், சட்டத்தொகுப்பின் நகல் எரிப்பு. கோபம் நியாயம்தான். பல சங்கங்கள் உள்ள ஆலையில் 51 விழுக்காடு ஆதரவு இருந்தால்தான் தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தலாம் என்பதை மேடைதோறும் சாடுகிற தலைவர்கள், குறைதீர் குழுவில் பாதி இடம் தொழிலாளிக்கு என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்த நாற்காலிகளை நிர்வாகத்தின் செல்லப்பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வாசலில் கோஷம் போடுவது எந்த ஊர்த் தந்திரம்?

உள்ளே போய் உட்காருங்கள். போனஸைப் பிறகு பேசலாம். முதலில் உற்பத்திக் கணக்கு, ஓவர்டைம் கணக்கு, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுத்த கணக்கு மூன்றையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கல்லுடைத்த பெண்களால் முடிந்தது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் ஆலைகளிலும் முடியும். அதைக் கேட்காத சங்கத்துக்குச் சந்தா எதற்கு?