குறுக்குக் காற்று

ஆகாய விமான விபத்து என்றதும் மேகமண்டலத்தில் நிகழும் பயங்கரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வானத்தில் யாதொரு குறையுமின்றிப் பறந்து வந்த சிறு விமானம், தரையைத் தொட்ட பிறகு இறக்கை ஒடிந்து நிற்பதும் உண்டு. இந்தக் கைங்கரியத்தைச் செய்கிறவர்களில் முக்கியமானவர் குறுக்குக் காற்று.

ஆரம்ப நாட்களில் விமான நிலையங்கள் பல வெறும் புல்வெளிகளாகவே இருந்தன. காற்று எத்திக்கிலிருந்து வந்தாலும் அதற்கு முகங்கொடுத்து இறங்கிவிடலாம். பிறகு கெட்டியான ஓடுபாதைகள் வந்தன. பாதைக்குத் திசை உண்டு. காற்றுக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வெள்ளம் ஓடும் ஆற்றை நேரே கடக்க விரும்பும் ஓடக்காரன், ஓடத்தின் முகத்தை நீரோட்டத்தின் பக்கம் சற்றுத் திருப்பியே செலுத்துகிறான். விமானியும் அவ்விதமே மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டு நகர்வதுபோல் வருகிறார். ஆனால் சக்கரம் பக்கவாட்டில் உருளாதே! ஆகையால், தரையைத் தொடுமுன் மூக்கைப் பாதைக்கு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றே தாழ்த்த வேண்டும். தவறினால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு, அவற்றைத் தாங்கும் கால்களே முறியக்கூடும்.

வாலில் சக்கரமுள்ள விமானத்துக்கு அபாயம் அதிகம். அதன் பாரம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் ஒரு பக்கம் திரும்பத் தொடங்கினால் மேலும் மேலும் திரும்பி, விமானத்தையே சுழற்றிவிடும். 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 போன்றவற்றில் மூக்கின் கீழ்ச் சக்கரம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைந்தது, அடியோடு ஒழியவில்லை. செஸ்னா 172 எஸ் விமானத்தின் கைந்நூல், 15 நாட் குறுக்குக் காற்றில், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில், இறக்கிக் காட்டப்பட்டது என்று கூறுகிறது. அது தேர்ந்த விமானி செய்துகாட்டிய கணக்கு. நேற்றுப் பழகியவருக்கு அளித்த உத்தரவாதமன்று.

இவ்வளவுக்கும் பரிகாரம் மிக எளிது. விமானம் பாதையை விட்டு விலகுகிறதா? இயந்திரத்தை முடுக்கி மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வரலாம். அதுவும் சரிப்படாவிட்டால், காற்றுக்கு இசைந்த பாதையுள்ள வேறு நிலையத்தை நாடலாம். பெட்ரோல் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

இதைச் செய்யத் தடையாக நிற்பது பெரும்பாலும் காற்றன்று, கௌரவம். உடன் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், கீழே காத்திருக்கும் சிநேகிதர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம், எழும்ப வேண்டிய கையைக் கட்டிப் போடுகிறது. ஆகவே இது விமானிகளுக்கு மட்டுமே உரிய விஷயம் அல்ல. உடன் செல்கிறவர்களும் வரவேற்க நிற்கிறவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தார்தாமே? விமானம் இறங்காமல் மறுபடி எழும்பினால், "ஏன் தாமதம்?" என்று முகம் சுளிக்காமல் இருப்போமாக. நம்மவர் அரைமணி கழித்து வந்தாலும் முழுசாக வந்து சேருவதல்லவா நமக்கு வேண்டும்!