இருநூறு ரூபாய் குழாயும் ஒரு அறிவிப்புப் பலகையும்

போன மாதம் ஒரு நாள் காலை ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. என்னுடையது 1994-ம் வருட மாருதி 800. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளிப் பக்கத்தில் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாலைதான் பேத்தியை அதில் உட்கார வைத்து ஈரோடு போய் வந்தேன். சூடான என்ஜின் மேல் சொட்டியிருந்தால்? அன்று முழுக்கக் கை நடுங்கியது.

தெரிந்த மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்தேன். "ஏனுங்க சார், இப்பப் பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கல்லங்க. பழைய ரப்பருக்கு அது ஆகாதுங்க. எத்தனால் தாங்கற ஹோஸ்னு கேட்டு வாங்கிப் போடுங்க" என்றார்.

ஆற்றுப் பாலம் தாண்டி ஈரோட்டில் வாங்கினேன். கிளிப்பும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். ஹோஸில் நிற்கும் பெட்ரோலைப் பிடிக்க அடியில் ஒரு டப்பா. பழையதை உருவிவிட்டு அதே நீளத்தில் புதியதை வெட்டி மாட்டிப் புது கிளிப் போட்டேன். ஸ்டார்ட் செய்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் பானெட்டை மூடினேன். அரை மணி நேர வேலை. இஞ்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். அதன் குழாயில் அழுத்தம் அதிகம்.

என் ஹோஸ் வயதாகித்தான் போயிருக்கலாம். எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன். மோகனூர் சர்க்கரை ஆலை இருக்கிற மாவட்டத்துக்காரன் நான். கரும்பு விவசாயிக்கு நாலு காசு கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு குறைவு என்பது உண்மை. அதை வண்டிக்காரனிடம் யார் சொன்னார்கள்? நான் பெட்ரோல் போடும் பங்கில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பள்ளித் தோழர்கள் பலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே பெட்ரோலுக்கு 'எஸான்ஸ்' என்று பெயர். 2018 முதல் அங்கே பெட்ரோல் போடும் குழாய் முனையிலேயே ஒரு வட்டத்துக்குள் E5, E10 என்று எழுதியிருக்கிறது. புது வண்டிகளின் டாங்க் மூடியிலும் அதே வட்டம் உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்த்து எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. சரி, தனிப் பெட்ரோல் கேட்கவில்லை. ஒரு பலகை கேட்கிறேன். "இது E20. பழைய வண்டியா? ரப்பர் ஹோஸைப் பாருங்கள்" என்று தமிழில் எழுதி வைத்தால் போதும். நான் வேலை பார்த்த ஆபீசில் பென்சில் வாங்கும் முறை மாறினாலே சுற்றறிக்கை வரும். தீப்பிடிக்கக்கூடிய விஷயத்துக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

பலகை வருகிறபோது வரட்டும். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கி அந்த ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.