வயலே பள்ளிக்கூடம்

விஞ்ஞானத்தைக் கமக்காரரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோம். பேசி முடித்து, துண்டுப்பிரசுரம் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்தோனேசியாவில் 1989இல் வேறொரு வழி தொடங்கியது.

அங்கே அறக்கொட்டி நெல்லை அழித்தது. மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது. மருந்து சிலந்திகளைக் கொன்றது; அறக்கொட்டியின் முட்டைகளோ இலைமடலுக்குள் தப்பியிருந்தன. 1986இல் அரசு 57 கிருமிநாசினிகளை நெல்லுக்கு அடிக்கத் தடைசெய்தது. தடை சரி, ஆனால் கமக்காரர் அதை எப்படி நம்புவார்?

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் பூச்சியியலாளர்கள் விரிவுரையை நம்பவில்லை. சுமார் 25 பேரைக் கிழமைக்கு ஒரு காலை, போகம் முழுவதும், வயலுக்கே அழைத்தார்கள். சட்டியில் நட்ட நெல்லை வலையால் மூடி, உள்ளே அறக்கொட்டிகளையும் சிலந்தியையும் விட்டார்கள். எத்தனை மிஞ்சின என்று கமக்காரரே எண்ணினார்கள். வயலில் கண்டதைப் பெரிய கடதாசியில் வரைந்து மற்றவர்களுக்கு விளக்கினார்கள். எழுத்தறியாதவரும் வரையலாம் அல்லவா? “இது என்ன பூச்சி?” என்று கேட்டால் பயிற்றுநர் பெயரைச் சொல்லமாட்டார். “எங்கே கண்டீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதில் தெரிந்தும் வாயை அடக்குவது படித்தவர்களுக்கு லேசான காரியமல்ல. பிரசங்கம் செய்து பழகிய எனக்கும்தான்.

1990களில் இம்முறை இலங்கைக்கும் வந்தது. காணியை விட்டு வந்தவர்கள் என்பதால், ஒன்றும் அறியாதவர்களுக்குப் போல உங்களுக்கு வகுப்பெடுக்க வருவோர் உண்டு. அடுத்தமுறை வந்தால், நீங்கள் போட்டிருக்கும் சிறு கத்தரிப் பாத்திக்கு அவர்களைக் கூட்டிச்சென்று, இலையைத் திருப்பிக் காட்டி, முதற் கேள்வியை நீங்களே கேளுங்கள்.