நெய்க்கு மீத்தேன் இல்லையா?

திருப்பதியிலும் சித்தூரிலும் பத்திரிகை படிக்கும் கனவான்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது: பூமி சூடேறக் காரணம் மாமிசம் உண்போரே என்றும், நெய்யும் தயிரும் பருப்புமாகப் புசிக்கும் தமக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை என்றும் அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இதற்கு அவர்களைவிட அவர்கள் படிக்கும் செய்திகளையே நான் குறை கூறுவேன்.

2006-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம், வெப்ப வாயுக்களில் 18 சதவீதம் கால்நடைகளால் உண்டாவதென்றும் அது போக்குவரத்தின் பங்கைவிட மிகுதியென்றும் வெளியிட்ட அறிக்கை, மாமிசம் மோட்டாரைவிடக் கொடிது என்ற தலைப்பாகச் சுருங்கி உலகமெங்கும் ஓடிற்று. கால்நடைக்குத் தீவனம் விளைப்பது முதல் காடழிப்பது வரை சகலத்தையும் கூட்டிவிட்டு, மோட்டாருக்கு அதன் புகையை மாத்திரம் எண்ணிய அவ்வொப்பீடு பிழையென்று 2010-இல் கலிபோர்னியப் பேராசிரியர் ஃபிராங்க் மிட்லேனர் எடுத்துக் காட்ட, அறிக்கையை எழுதியோரில் ஒருவரே அதை ஒப்புக்கொண்டார். தலைப்பு மாத்திரம் சாகவில்லை. 2013-இல் அந்த ஸ்தாபனமே 14.5 சதவீதம் என்று திருத்திச் சொல்லிற்று. அத்தொகையை நூறாக வகுத்தால் மாட்டிறைச்சிக்கு 41, பசும்பாலுக்கு 20, பன்றி இறைச்சிக்கு 9, கோழிக்கும் முட்டைக்கும் சேர்த்து 8. பாலுக்குரிய இருபதை எந்தத் தலைப்பிலும் நான் கண்டதில்லை.

சித்தூர்ச் சீமையோ பாலின் சீமை. புங்கனூர்க் குட்டைப் பசு பிறந்த மண். 1992-இல் தோன்றிய ஹெரிடேஜ் பால் கம்பெனியின் ஆலை உள்ள இடம். கோழிப் பண்ணைகளும் இங்கே ஏராளம். அசைபோடும் பிராணியின் வயிற்றில் தீவனம் நொதிக்கையில் பிறந்து ஏப்பமாக வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிப்பது; கோழிக்கு அத்தகைய வயிறே கிடையாது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டின் மாடும் எருமையும் சேர்ந்து சுமார் 30 கோடி. அவற்றை நாம் வளர்ப்பது முதன்மையாகப் பாலுக்காக. ஆகவே கோழிக்கறி தின்பவனை நெய்ச்சோறு உண்பவன் ஏளனமாக நோக்குவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை.

இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றிப் பிழைக்கும் பெண்பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஏழுமலையான் லட்டுக்கு நெய் வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியமுமில்லை, விருப்பமுமில்லை. ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தின்னும் அமெரிக்கனுக்கு எழுதிய உபதேசத்தை, அதில் சொற்பமே தின்னும் நம்மவனுக்கு அப்படியே பெயர்த்துப் போடுவதைத்தான் கண்டிக்கிறேன். அடுத்த முறை அச்செய்தியைப் போடும் ஆசிரியர், பால் வற்றிய பசுவும் பால் தராத காளைக்கன்றும் யார் கைக்கு விலைபோகின்றன என்று வாரச்சந்தையில் விசாரித்து, அதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.