கொல்லன் தெருவில் ஊசி வித்த கதை

போன சனிக்கிழமை ஒரு வீக்கெண்ட் பார்ட்டி. சாப்பாடு முடிஞ்சதும் அதே பழைய புலம்பல்: "இந்த பாட் மெஷின்ல காபி தண்ணியா வருதே, ஸ்ட்ராங்கா வர என்ன வழி?" ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தர் டார்க் ரோஸ்ட் வாங்கச் சொன்னார். இன்னொருத்தர் 'ஸ்ட்ராங்' பட்டன். மூணாமவர் ஒரே டப்பாவை ரெண்டு தடவை ஓட்டுவாராம்!

மக்களே, கொஞ்சம் கணக்கு போடுங்க. அந்தக் குட்டி டப்பாவுல இருக்கறது சுமார் 10 கிராம் பொடி. அதுல 240 மில்லி தண்ணி விட்டா ஒண்ணுக்கு 24 பங்கு. நம்ம ஃபில்டர்ல 30 கிராம் பொடிக்கு 150 மில்லி, அதாவது ஒண்ணுக்கு அஞ்சு. டார்க் ரோஸ்ட்ல கூடறது கசப்பும் கருப்பும்தான், பொடி இல்லை. ஸ்ட்ராங் பட்டன் தண்ணியை மெதுவா விடும். கொஞ்சம் பலன் உண்டு, ஆனா பொடி அதே 10 கிராம். ரெண்டாவது தடவை ஓட்டினா வர்றது பாத்திரம் அலம்பின தண்ணி.

அடிப்படை விஷயமே வேற. அந்த மெஷின் நம்ம மாதிரி நிறைய பால் விட்டுக் குடிக்கறவங்களுக்காகச் செஞ்சதில்லை. நம்ம டிகாக்ஷன் அரை டம்ளர் பாலைத் தாங்கணும். சிக்கரி வேற பெரும்பாலும் அதுல கிடையாது.

இதெல்லாம் தெரியாம நானும் ஒரு கூத்து அடிச்சேன். ஊருக்குப் போறப்ப மேல்கோட்டைல இருக்கற அம்மாவுக்கு இங்கேருந்து ஒரு மெஷின் தூக்கிண்டு போனேன். இது 120 வோல்ட், அங்கே 230. மெஷின் 1500 வாட் இழுக்கும். அதுக்குன்னு செங்கல் கனத்துல ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வேற. இந்தியக் காபியில 70 சதவீதம் விளையற கர்நாடகாவுக்கு நான் டப்பாவுல காபி கொண்டு போறேன்!

அம்மா மூணு நாள் ஒண்ணும் சொல்லாம குடிச்சா. நாலாம் நாள் சாயங்காலம் ஆளைக் காணோம். எதிர் வீட்டு மாமி திண்ணைல டபரா டம்ளரோட உக்காந்திருந்தா. "குழந்தை ஆசையா தூக்கிண்டு வந்திருக்கான், எப்படிச் சொல்றது"ன்னு மாமிகிட்ட சொல்லிண்டிருந்தது காதுல விழுந்தது. எனக்கு மூஞ்சி விழுந்து போச்சு.

அம்மாவோட பித்தளை ஃபில்டரை நான்தான் "இனிமே எதுக்கு"ன்னு பரண்ல ஏத்தி வெச்சிருந்தேன். அதான் என் கோபம். மெல்லிசா ஒண்ணை வாங்கிண்டு, அதையே முன்னேற்றம்னு வயசானவா தலையிலயும் கட்டறோம்.

"காலைல நேரம் இல்லை"ங்கறது சாக்கு. ராத்திரி பொடி போட்டு வெந்நீர் விட்டுட்டுப் படுங்க. நீங்க குறட்டை விடறப்ப டிகாக்ஷன் கள்ளிச்சொட்டா இறங்கியிருக்கும்.

மெஷின் வாங்கித் தொலைச்சாச்சா? முதல்ல டப்பா இல்லாம ஒரு தடவை ஓட்டிச் சூடாக்குங்க. இருக்கறதுலயே சின்ன கப் அளவை அமுக்குங்க. பாலைத் தனியாக் காய்ச்சி, கம்மியா விடுங்க. இதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க.

அம்மா இன்னும் அந்த மெஷினைத் தூக்கிப் போடலை. ஃபில்டர் பரண்லேருந்து இறங்கியாச்சு. போன வாரம் ஃபோன்ல சொன்னா: "வெந்நீர் நன்னா போடறதுடா. அதைப் பிடிச்சு ஃபில்டர்ல விட்டுடறேன்."